மாரிகாலம் வருமுன்னே!

தியானப் பகுதி: 2 தீமோத்தேயு 4:9-21, நீதிமொழிகள் 31:21, அப்போஸ்தலர் 27, 28 அதிகாரங்கள்



இன்னும் ஒரு மழைக்காலத்தைக் காண நமக்கு ஜீவனையும் சுகத்தையும் தந்த தேவனுக்கே ஸ்தோத்திரம்!

ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை. அது ஓய்ந்ததும் மார்கழிப் பனி. பாபநாசம் தொடங்கி புன்னைக்காயல் வரைக்கும் நம் தாமிரபரணிக் கரை ஜனங்களுக்கு இது ஒரு சுகமான காலம்தான். பிசானத்துக்கு நட்ட வயல் பச்சைப்பசேல் என்று நிற்கும். விடியற்காலையில் ஆற்றின்மேல் மூடுபனி புகைபோலக் கிடக்கும். வீட்டில் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி கொதிக்கும். ஒரே கம்பளிக்குள் மூன்று பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும், எழுப்பினால் எழும்பாது. இராத்திரி பதினோரு மணிக்குக் கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களுக்கு முறுக்கும் முந்திரிக்கொத்தும் எடுத்து வைத்துக் காத்திருப்போம். இதெல்லாம் கர்த்தர் தந்த ஈவு. வெயிலில் காய்கிற நம்முடைய சீமைக்கு வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் அவர் கொடுக்கிற குளிர்ச்சி!

ஆனால் பிரியமானவர்களே, சுகமாய் இருக்கிற நேரத்தில்தான் மனுஷன் ஆயத்தத்தை மறந்துபோகிறான். ஆகையால் இந்த மாதம் ஆவியானவர் என் இருதயத்தில் பாரமாய் வைத்த ஒரு வார்த்தையை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ரோமாபுரிச் சிறைச்சாலையிலிருந்து அப்போஸ்தலனாகிய பவுல் தன் குமாரனைப்போன்ற தீமோத்தேயுவுக்கு எழுதின கடைசி நிருபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் அதிகாரத்தில் வயதான அந்த ஊழியக்காரர் இரண்டு காரியம் கேட்கிறார். துரோவாவிலே கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா என்கிறார். மாரிகாலம் வருமுன்னே வந்துவிடு என்கிறார்.

1. மாரிகாலம் என்றால் என்ன?

இந்த நிருபத்தை இங்கிலீஷில் படித்தால் அந்த இடத்தில் 'விண்டர்' என்று இருக்கும். வெள்ளைக்காரர் தேசத்தில் அது பனிக்கட்டி விழுகிற காலம். நம் தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்த தேவ மனுஷர் அதற்கு 'மாரிகாலம்' என்று போட்டார்கள். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! அந்தக் காலத்துத் தமிழ் ஜனங்கள் வானத்திலிருந்து பனிக்கட்டி விழுந்து கண்டதில்லை. ஆகவே ஸ்நோ என்பதற்கும் 'உறைந்த மழை' என்றே எழுதினார்கள். ஏசாயா 1:18-ஐயும் சங்கீதம் 147:16-ஐயும் எடுத்து வாசித்துப் பாருங்கள், புரியும்.

மூல பாஷையாகிய கிரேக்கில் அந்தச் சொல் 'கெய்மோன்'. அதற்குக் குளிர்காலம் என்றும் அர்த்தம் உண்டு, புயல் என்றும் அர்த்தம் உண்டு. அப்போஸ்தலர் 27:20-இல் பவுல் போன கப்பலை அடித்த பெருங்காற்று மழைக்கும் இதே சொல்தான் வருகிறது. தேசத்துக்குத் தேசம் மாரிகாலம் வேறுபடும். கனடாவில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு அது முழங்கால் உயரப் பனி. எருசலேமுக்குச் சில வருஷங்களில் வெண்பனி. எர்மோன் மலை உச்சிக்கு வருஷந்தோறும் பனி. நமக்கு அது வடகிழக்குப் பருவமழை, ஆற்று வெள்ளம், மார்கழிக் குளிர். எந்த ரூபத்தில் வந்தாலும் அது வரும் என்பது நிச்சயம். எந்த நாளில் வரும் என்பதுதான் நமக்குத் தெரியாது.

2. விசுவாசி மேலங்கி கேட்கலாமா?

நம்முடைய ஜனங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. "பாஸ்டர், கர்த்தர் பாத்துக்கிடுவாரு. நாம எதுக்குப் பதறணும்?" என்பார்கள். கேட்க விசுவாசம்போல இருக்கும். ஆனால் பவுலைக் கவனியுங்கள். அவர் சரீரத்தில் பட்ட உறுமாலைக் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதி நீங்கிற்று, பிசாசு ஓடிற்று (அப். 19:12). மூன்றாம் வானம்வரைக்கும் எடுக்கப்பட்ட மனுஷன். அவர் சிறையில் குளிரும் என்று தெரிந்து, "என் மேலங்கியை எடுத்துட்டு வா" என்று கடிதம் எழுதுகிறார். விசுவாசம் குறைந்துபோயிற்றா? இல்லவே இல்லை! சரீரம் தேவனுடைய ஆலயம் என்று எழுதின அதே கைதான் இதையும் எழுதினது.

இன்னொன்றையும் பாருங்கள். புயலில் கப்பல் தத்தளித்தபோது தேவதூதன் வந்து, இந்தக் கப்பலில் ஒரு உயிருக்கும் சேதம் வராது என்று பவுலுக்கு வாக்குக் கொடுத்தான். வாக்குத்தத்தம் கிடைத்தாயிற்றே என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாரா? கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பியோடப் பார்த்தபோது, இவர்கள் இருந்தால்தான் நீங்கள் பிழைப்பீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியிடம் சொல்லித் தடுத்தார். பதினாலு நாள் சரியாய்ச் சாப்பிடாத ஜனங்களை அப்பம் புசிக்க வைத்தார். வாக்குத்தத்தத்தை நம்பினார், செய்ய வேண்டியதையும் செய்தார். நோவாவும் அப்படித்தானே! எபிரெயர் 11:7-இன்படி அவன் விசுவாசம் பேழை கட்டுகிற வேலையாக வெளிப்பட்டது. மழை வருமுன்னே கட்டினான். மழை வந்த பிறகு ஒரு ஆணிகூட அடிக்க முடியாது.

3. குளிருக்குப் பயப்படாத வீடு

நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்துக் குணசாலியான ஸ்திரீயை நமக்கெல்லாம் தெரியும். 21-ஆம் வசனத்தை மட்டும் வேகமாய்த் தாண்டிப் போய்விடுகிறோம். வீட்டிலுள்ள எல்லாருக்கும் இரட்டை அடுக்கு உடுப்பு வைத்திருக்கிறபடியால் அவளுக்குக் குளிரைக் குறித்துப் பயமில்லை. நாம் 'குளிர்' என்று வாசிக்கிற இடத்தில் எபிரெய வேதத்தில் 'உறைந்த மழை' என்கிற சொல்லே இருக்கிறது. பனி விழுகிற அந்த இராத்திரியிலும் அவள் நிம்மதியாய்த் தூங்குகிறாள். ஏன்? பனி விழாது என்று நினைத்ததினாலா? இல்லை. விழும் என்று தெரிந்து முன்னமே தைத்து வைத்தாள்.

இரட்டை அடுக்கு எதற்கு? இரண்டு துணிக்கும் நடுவில் நிற்கிற காற்றுதான் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. பனிதேசத்தில் இருக்கிறவர்கள் ஒரே கனத்த சட்டை போடாமல் இரண்டு மூன்றாக அடுக்கிப் போடுவது இதனால்தான். அந்த எபிரெயச் சொல்லைச் சிலர் 'இரட்டை' என்று வாசிக்கிறார்கள், சிலர் 'சிவப்பு' என்று வாசிக்கிறார்கள். தேவ பிள்ளையே, இரண்டும் நமக்கு வேண்டும்! சரீரத்துக்கு இரட்டை உடுப்பு. ஆத்துமாவுக்கு இயேசுவின் இரத்தமாகிய சிவப்பு உடுப்பு. ராகாபின் வீட்டைக் காத்தது ஜன்னலில் கட்டின சிவப்பு நூல் அல்லவா?

2023-ஆம் வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதியை நம் ஜில்லாவில் யார் மறப்பார்கள்? அன்று ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. மறுநாள் காலை எட்டரை மணி வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அந்தப் பக்கத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழை ஒரே நாளில் கொட்டிற்று! சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எங்கும் தண்ணீர். ஏரல் தனித்தீவாயிற்று, பாலம் சேதமடைந்தது, கடைக்காரர்கள் ஒரே இராத்திரியில் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

அந்த இராத்திரி ஆற்றோரத்தில் இருக்கிற ஒரு மூத்த சகோதரனை வெளியே வரச் சொல்லி வாலிபர்கள் கெஞ்சினார்கள். "ஏல, தொண்ணூத்திரண்டு வெள்ளத்துலயே நம்ம நடைக்குத் தண்ணி வரல. இப்ப வந்துருமாக்கும்?" என்று அவர் அசையவில்லை. 1992 நவம்பரில் வந்த வெள்ளத்தைத்தான் அவர் அளவுகோலாக வைத்திருந்தார். விடியுமுன்னே கட்டிலோடு அவரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அதே தெருவில் ஒரு விதவைத் தாயார். ஐப்பசி பிறந்ததும் ரேஷன் கார்டு, ஆதார், பிரஷர் மாத்திரை, ஒரு டார்ச், வேதாகமம் எல்லாவற்றையும் பாலிதீன் பையில் கட்டி உத்திரத்தில் தொங்கவிடுவது அவர்கள் வழக்கம். "ஆச்சி ஊருக்குப் போவ மூட்டை கட்டிட்டாக" என்று பக்கத்து வீட்டில் கேலி பண்ணுவார்கள். அன்றைக்கு அந்தத் தாயார் ஒரு கையில் அந்தப் பையும் மறு கையில் பக்கத்து வீட்டுப் பிள்ளையுமாக மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆயத்தமாயிருந்தவர்களுக்குத்தான் அடுத்தவர் பிள்ளையைப் பிடிக்க ஒரு கை மீதியிருந்தது! இதை நான் பிரசங்கத்தில் சொன்னபோது சபையே "ஆமென்" என்றது.

கடந்த தடவை வரவில்லை என்பது இந்தத் தடவையும் வராது என்பதற்கு அத்தாட்சி அல்ல. இரட்சிப்பின் காரியத்திலும் எத்தனையோ பேர் இப்படித்தான் தொண்ணூற்றிரண்டாம் வருஷக் கணக்கு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வெள்ளத்தைக் குறித்து இன்னொரு வார்த்தையும் சொல்ல வேண்டும். "அந்த ஊர்க்காரங்க பாவம் பண்ணினாங்க, அதான் வந்துச்சு" என்று சிலர் எளிதாய்ச் சொல்லிவிட்டார்கள். அருமையானவர்களே, அப்படிப் பேசாதிருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்தார்களே. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளல்ல என்று ஆண்டவரே சொல்லிவிட்டார் (லூக்கா 13:4). பிறருடைய இழவு வீட்டு வாசலில் நின்று நாம் நியாயத்தீர்ப்பு வாசிக்க வேண்டாம். நம்மை நாமே ஆராய்ந்து மனந்திரும்புவோம்.

மழைக்காலத்தில் விசுவாசிகள் கவனிக்க வேண்டியவை

* பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகளைத் தண்ணீர் புகாத பையில் போட்டு உயரத்தில் வையுங்கள். சுகர், பிரஷர் மாத்திரை ஒரு வாரத்துக்காவது கையில் இருக்கட்டும்.

* அணை திறப்பு என்று தண்டோராவோ ஒலிபெருக்கியோ அறிவித்தால், தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிற்காதிருங்கள். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு தண்ணீரோடு நம் ஊர் மழைத்தண்ணீரும் சேர்ந்து வரும்.

* தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடினால் கடக்க வேண்டாம். வேகமாய் ஓடுகிற முழங்கால் அளவுத் தண்ணீர் பெரிய ஆளையும் தள்ளிவிடும். வேடிக்கை பார்க்க, செல்போனில் படம் பிடிக்கப் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு விடாதிருங்கள்.

* வீட்டுக்குள் தண்ணீர் வருமுன்னே மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அறுந்து கிடக்கிற கம்பியின் பக்கத்தில் போகவே வேண்டாம். ஊறின மண்சுவரை ஒட்டிப் படுக்காதிருங்கள். ஆடுமாடுகளைக் கட்டு அவிழ்த்து விடுங்கள்.

* குளிருகிறது என்று கதவு ஜன்னலை அடைத்துக் கரி அடுப்பை உள்ளே வைத்துப் படுக்காதிருங்கள். கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கொடைக்கானல் போன்ற இடங்களில் இப்படி மரித்தவர்கள் உண்டு.

* வெள்ளம் வடிந்த பிறகு தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். காலில் புண்ணோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். காய்ச்சல் கண்டால் ஜெபியுங்கள், ஆஸ்பத்திரிக்கும் போங்கள். பாத்திரத்தை, பாயை எடுக்குமுன் பாம்பு கிடக்கிறதா என்று பாருங்கள்.

* மார்கழி விடியற்காலையில் மூடுபனிக்குள் வண்டியில் வருகிறவர்கள் விளக்கைப் போட்டு மெதுவாய் வாருங்கள். ஆராதனைக்கு ஐந்து நிமிஷம் பிந்தினாலும் பரவாயில்லை.

* உதவிக்கு: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108.

4. யாருக்காக நெருப்பு மூட்டுகிறோம்?

அடைத்த அறையில் வைத்த நெருப்பு ஆளைக் கொல்லும் என்று சொன்னேன். சபைக்கும் இது பொருந்தும்! அபிஷேகம் பெற்றோம், அந்நியபாஷை பேசுகிறோம், உள்ளே நல்ல அனல் இருக்கிறது. ஆனால் கதவை அடைத்துக்கொண்டு நமக்குள்ளேயே காய்ந்துகொண்டிருந்தால் அந்த அனல் நம்மையே மயக்கிவிடும்.

மெலித்தா தீவைப் பாருங்கள். கப்பல் உடைந்து 276 பேர் நனைந்து நடுங்கிக் கரையேறுகிறார்கள். மழை, அதோடு குளிர். அந்தத் தீவார் பவுலின் பிரசங்கத்தைக் கேட்டதில்லை, வேதம் அறியாதவர்கள். அவர்கள்தான் நெருப்பு மூட்டி, கைதி என்றும் காவலன் என்றும் பாராமல் எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் காட்டின தயவு சாதாரணமானதல்ல என்று பரிசுத்த ஆவியானவர் வேதத்தில் எழுதி வைத்துவிட்டார். அப்போது பவுல் என்ன செய்தார்? ஜெபித்துக்கொண்டு ஓரமாய் நிற்கவில்லை, விறகு பொறுக்கினார்! அப்போஸ்தலன் விறகு பொறுக்கின தீவில்தான் புபிலியுவின் தகப்பனுக்குக் காய்ச்சலும் இரத்தபேதியும் நீங்கிற்று. தீவிலிருந்த மற்ற வியாதிக்காரரும் வந்து குணமானார்கள். எழுப்புதல் ஒரு விறகுக் கட்டிலிருந்து தொடங்கிற்று. அல்லேலூயா!

நம் கண் முன்னாலும் ஒரு மெலித்தா நடந்தது. அதே டிசம்பர் 17 இராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போயிருந்தது. நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! சுமார் 800 பிரயாணிகள். ஏறக்குறைய முந்நூறு பேரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் பாதை அடைபட்டது. மீதி ஐந்நூறு பேர் 19-ஆம் தேதி மீட்கப்படும்வரை அங்கேயே அகப்பட்டிருந்தார்கள். பக்கத்துப் புதுக்குடி கிராமத்து ஜனங்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து, ஊர்க் கோவிலில் வைத்துச் சமைத்து, முகம் தெரியாத அந்த ஜனங்களுக்குச் சோறு போட்டார்கள். அவர்களும் மழையில் அடிபட்டவர்கள்தான்.

அவர்கள் நம் சபையார் அல்ல. ஆனாலும் லூக்கா மெலித்தா தீவாரைக் கனப்படுத்தி எழுதினதுபோல நானும் அவர்களைக் கனப்படுத்தி எழுதுகிறேன். இனி உங்களையும் என்னையும் ஒரு கேள்வி கேட்கிறேன். இந்த வருஷம் தண்ணீர் வந்தால் நம் ஜெபவீட்டுக் கதவு யாருக்குத் திறக்கும்? விசுவாசிக்கு மட்டுமா? எதிர்த்த வீட்டுக்காரர் ஸ்பீக்கர் சத்தத்துக்காக நம்மோடு சண்டை போட்டவர். அவர் நனைந்துகொண்டு வந்தால் பாய் விரிப்போமா? சாவி யாரிடம் இருக்கிறது, பத்துப் படி அரிசியும் பெரிய அண்டாவும் இருக்கிறதா என்று மூப்பர்மார் இப்போதே பார்த்து வையுங்கள். நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே ஆற்றுக்குப் பாலமில்லாமல் ஜனங்கள் தவித்த காலத்தில், சுலோசன முதலியார் என்கிற ஒரு மனுஷன் தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டினார். 1843-இல் திறந்த பாலம். அவர் முகத்தையே அறியாத நாம் இன்றைக்கும் அதன்மேல் நடந்து அக்கரை போகிறோம். மாரிகாலத்துக்கு முன்னே செய்கிற நன்மை அப்படி நிலைநிற்கும்.

5. அதற்குப் பிறகு தருணமில்லை

பவுல் ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினார்? அந்த நாட்களில் நவம்பரிலிருந்து மார்ச்வரைக்கும் மத்தியதரைக் கடலில் கப்பல் ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். தீமோத்தேயு கொஞ்சம் பிந்தினால் வசந்தகாலம்வரை வர முடியாது. அதற்குள் பவுல் இருப்பாரா? தான் போகும் காலம் வந்துவிட்டது என்று அதே அதிகாரத்தில் எழுதுகிறார். தேமா விட்டுப் போய்விட்டான். லூக்கா மாத்திரம் கூட இருக்கிறார். மேலங்கி மட்டுமல்ல, அந்த முகத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கிழவனார் ஏங்குகிறார். தீமோத்தேயு போய்ச் சேர்ந்தாரா என்று வேதத்தில் எழுதப்படவில்லை. எழுதாமல் விட்டதே நமக்கு ஒரு கேள்வி.

இதை வாசிக்கிற சகோதரனே, உன் கூடப்பிறந்தவனோடு வரப்புச் சண்டையில் பேச்சு நின்று எத்தனை வருஷம்? ஊரில் தனியாய் இருக்கிற தாயாரைப் பார்த்து எத்தனை மாதம்? "பொங்கலுக்குப் போவோம்" என்று தள்ளாதே. இந்த மழைக்கு முன்னே போ. கூரைக்கு ஒரு தார்ப்பாய், ஒரு கம்பளி, இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கிக்கொண்டு போ. உன் முகத்தையும் கொண்டு போ!

இன்னும் இரட்சிக்கப்படாத சகோதரியே, ஞானஸ்நானத்தை வருஷக்கணக்காய்த் தள்ளுகிற வாலிபனே, அறுப்பும் போய்க் கோடையும் முடிந்தும் இன்னும் மீட்பில்லாமல் இருக்கிறோமே என்று எரேமியாவின் ஜனங்கள் புலம்பினார்கள் (எரேமியா 8:20). அந்தப் புலம்பல் உன்னுடையதாக வேண்டாம். நோவாவின் பேழைக்கு ஒரே கதவு. அதைக் கர்த்தரே அடைத்தார். அடைக்குமுன்னே உள்ளே வா. வானம் இன்னும் வெளுத்திருக்கிறபோதே வா. இயேசு உன்னை அழைக்கிறார்.

ஜெபிப்போமா?

அன்பின் பரலோகப் பிதாவே, மழையையும் பனியையும் உம்முடைய கையில் வைத்திருக்கிறவரே, உம்மைத் துதிக்கிறோம். பொதிகை மலையிலிருந்து கடல்வரைக்கும் இந்த ஆற்றங்கரையில் குடியிருக்கிற ஒவ்வொரு வீட்டையும் காத்தருளும். ஆயத்தமில்லாதவர்களுக்கு உணர்வைத் தாரும். 2023-இல் இழந்துபோனவர்களின் கண்ணீரைத் துடையும். எங்கள் சபைக் கதவைத் திறந்து வையும். இயேசுவின் இரத்தத்தால் எங்களை மூடிக்கொள்ளும். எங்கள் மாரிகாலம் எந்த நாளில் வந்தாலும் பயப்படாதபடி எங்களை ஆயத்தப்படுத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், ஜீவனுள்ள பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக! மாரநாதா!

கர்த்தருடைய பணியில்,
உங்கள் அன்புச் சகோதரன்